பொம்மைக்கு வைத்த பொட்டு

சிதம்பரத்தில் நான் வேலை பார்த்த ஜவுளிக் கடையில், பெண்கள் உடை மாற்றும் அறைக் கண்ணாடியின் ஓரத்தில் ஸ்டிக்கர் பொட்டு அட்டை ஒன்று தொங்கும். எல்லாம் ஒரே அளவு, ஒரே மெரூன் நிறம். கம்பெனியே வாங்கிக் கொடுத்தது. காலையில் யூனிஃபார்ம் புடவையைக் கட்டி, ஐடி கார்டை மாட்டி, அட்டையிலிருந்து ஒன்றைப் பிய்த்து நெற்றியில் ஒட்டிக்கொண்டுதான் கடைக்குள் இறங்க வேண்டும். ஊழியர்கள் உடம்பில் எந்த மதத்தின் அடையாளமும் இருக்கக் கூடாது என்று கடை முடிவெடுத்த பிறகு வந்த பொட்டு அது. நான் ஏதோ மாற்றி எழுதிவிட்டேன் என்று நினைக்காதீர்கள், சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். மத அடையாளம் கூடாது, ஆகவே பொட்டு வை. இதுதான் உத்தரவு. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உச்சந்தலை வரை சூடேறுகிறது.

நான் கடலூர் ஓ.டி.க்காரி. பழைய நகரம் என்று முழுசாகச் சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் பொறுமை கிடையாது. எங்கள் வீடு பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தது. பொட்டு இல்லை, பூ இல்லை, தோடு இல்லை, தாலி இல்லை, மோதிரம்கூட இல்லை. வீட்டுக்காரர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிஃப்ட் பார்க்கிறார். சிதம்பரம் பஸ் அந்த வழியாகத்தான் போகும். நாற்றத்துக்காக எல்லோரும் ஜன்னலைச் சாத்தும்போது, என் வெறும் நெற்றியையும் வெறும் கழுத்தையும் பார்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா யாராவது மெதுவாகப் பேச்சுக் கொடுப்பார். "எத்தினி வருசமாச்சும்மா அவரு போயி?"

"காலையிலதான் போனாரு. ரெண்டு மணிக்கு வந்துருவாரு" என்பேன்.

பாவம், அந்த அம்மாவுக்கு முகம் செத்துவிடும். அதற்கு மேல் நான் பதில் சொல்வதில்லை. நெற்றி காலியாக இருந்தால் புருஷன் செத்துவிட்டான் என்று அர்த்தம் பண்ணிக்கொள்கிற ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். கோபப்பட ஆரம்பித்தால் எந்த பஸ்ஸிலும் ஏற முடியாது.

கடையில் சேர்ந்தபோது பட்டுப் பிரிவில் போடச் சொல்லிக் கேட்டேன். புடவையை விரித்துக் காட்டி, பேசி, விற்பதுதான் எனக்குப் பிடித்த வேலை. மேனேஜர் தலையைச் சொறிந்தார். கெட்ட மனுஷர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். என் மகள் காய்ச்சலில் கிடந்தபோது நான் கேட்காமலே லீவு கொடுத்தவர். ஆனால் அன்றைக்கு, "கல்யாணப் புடவை எடுக்க வர்றவங்கம்மா. கொஞ்சம் மங்களகரமா இருக்கணும்னு எதிர்பாப்பாங்க. நீ பில் கவுன்ட்டர்ல இருந்துக்கோயேன்" என்றார். பணம் வாங்குகிற கையில் மங்களம் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை போலிருக்கிறது. சரி என்று உட்கார்ந்தேன்.

பட்டுப் பிரிவில் இருந்தவள் ஒரு பரங்கிப்பேட்டைப் பெண். என்னைவிட நன்றாகவே சின்னவள், என்னை அக்கா என்பாள். அவள் வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவள் ஒருத்திதான். யூனிஃபார்ம் புடவையின் நிறத்திலேயே துணி தேடி வாங்கி, நெற்றியோரம் ஒரு முடி வெளியே தெரியாதபடி பின் குத்தி ஸ்கார்ஃப் கட்டியிருப்பாள். வேலைக்கு எடுத்த அன்றும் அப்படித்தான் வந்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. புடவையை மேஜையில் விரித்துக் காட்டினால் மட்டும் போதாது. விற்கிற பெண் முந்தானையைத் தன் தோளில் போட்டு, கொசுவத்தைக் கையில் பிடித்து, கண்ணாடி முன் நின்று காட்ட வேண்டும். பார்க்கிறவர்கள் அவளைப் பார்க்காமல் தங்கள் பெண்ணை அந்தப் புடவையில் பார்த்துக்கொள்வார்கள். இவள் தோளில் போட்டால், ஸ்கார்ஃப் மேலேயே போட்டாலும், புடவை ஒரு மாதிரி அமைந்து உட்காரும். புவனகிரியிலிருந்தும் காட்டுமன்னார்கோயிலிலிருந்தும் வருகிற குடும்பங்கள், ஐயர் வீட்டு மாமிகள் உட்பட, அவளைத்தான் தேடுவார்கள். மங்களம் குறைந்ததாக ஒருவரும் புகார் சொன்னதாக எனக்குத் தெரியாது.

மேல் மாடி முழுவதையும் கல்யாணப் பட்டுக்கென்று புதிதாகக் கட்டினார்கள். அந்த மாடிக்குப் பொறுப்பு அவள்தான் என்று மேனேஜர் எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னார். மறுநாள் அவள் ஒரு பெட்டி நிறைய ஸ்வீட் கொண்டுவந்தாள். மேனேஜர் இரண்டு எடுத்துக்கொண்டார்.

மாடி திறப்பதற்கு முன்னால், வெளிநாட்டில் படித்துவிட்டு முதலாளியின் மகன் வந்து இறங்கினார். கடையை நவீனமாக்கப் போகிறார் என்றார்கள். ஏசி கூடும், லைட் மாறும் என்று நினைத்தோம். வந்தது சென்னையிலிருந்து ஒரு டிரெயினர். எல்லோரையும் புது மாடியில் உட்கார வைத்து, சுவரில் படம் போட்டுப் பேசினார்.

"வர்ற கஸ்டமருக்கு நீங்க என்ன மதம்னு தெரியவே கூடாது. நியூட்ரல். நடுநிலை. வெளிநாட்டுல இதுக்குக் கோர்ட்டே ஓகே சொல்லியிருக்கு."

திருநீறு, நாமம், சிலுவைச் செயின், தொப்பி, ஸ்கார்ஃப், எல்லாவற்றின் மேலும் சிவப்பில் குறுக்குக் கோடு போட்ட படங்கள். எல்லோருக்கும் ஒரே சட்டம் என்று கேட்கும்போது ஜோராகத்தான் இருந்தது. "கழட்டறதுக்கு எங்கிட்ட ஒண்ணுமே இல்ல. இந்தக் கடையிலேயே நான்தான் நியூட்ரல்" என்று பக்கத்திலிருந்த பரங்கிப்பேட்டைப் பெண்ணிடம் கிசுகிசுத்தேன். அவள் சிரிக்கவில்லை.

சட்டைப் பிரிவுப் பெண் ஒருத்தி எழுந்து, "சார், பொட்டு?" என்று கேட்டாள்.

"சின்ன ஸ்டிக்கர் பொட்டு கல்ச்சர்மா. அது ரிலிஜன் கிடையாது."

"தாலி?"

"கல்ச்சர்."

"பூவு?"

"அதுவும் கல்ச்சர்தான்."

அப்போது என் பக்கத்திலிருந்த இவள் எழுந்தாள். "ஸ்கார்ஃப் சார்?"

"அது ரிலிஜன்" என்றார் அவர், ஒரு நொடிகூட யோசிக்காமல்.

கூட்டம் முடிந்து கீழே வந்தோம். வெள்ளிக்கிழமை. ஸ்பீக்கரில் சாமி பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. என் பில் கவுன்ட்டருக்கு மேலே மாட்டியிருக்கும் லட்சுமி படத்துக்கு மேனேஜர் கற்பூரம் காட்டினார். அவர் மணிக்கட்டில் கோயில் கயிறு. புகை என் கண்ணில் ஏறியது.

"சார், இதுக்கு அந்தப் படத்துல கோடு போடலியே?" என்றேன்.

"இது கடைக்கும்மா. ஆளுக்கு இல்ல" என்றார்.

கடைக்கு மதம் இருக்கலாம், கடையில் நிற்கிற ஆளுக்கு இருக்கக் கூடாது. அதுவும் எல்லா ஆளுக்கும் இல்லை. எங்கள் வாசல் வாட்ச்மேன் நடராஜர் கோயில் வீதிக்காரர். கோயிலுக்குப் போய்விட்டு நெற்றி நிறையப் பட்டை போட்டுக்கொண்டுதான் வருவார். அவரையும் அழிக்கச் சொன்னார்கள். மனுஷர் நாலைந்து நாள் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, திருடிவிட்டு நிற்பவரைப் போலத் தலை குனிந்து நின்றார். பார்க்கவே சங்கடமாக இருந்தது. அவர் நெற்றி யாருக்கு என்ன செய்தது? பிறகு ஒரு நாள் பட்டை திரும்பி வந்தது. மேனேஜர் அவரைத் தாண்டித்தான் உள்ளே வருவார், போவார். ஒன்றும் சொல்லவில்லை. வாட்ச்மேனுக்காக எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அதே கண் இவளிடம் வரும்போது மட்டும் எப்படி அவ்வளவு கூர்மையானது?

அவளிடம் மேனேஜர் பேசியது என் கவுன்ட்டருக்குப் பக்கத்தில்தான்.

"வரும்போது கட்டிக்கிட்டு வா. இங்க வந்து கழட்டி வச்சிட்டு, போறப்ப திரும்பக் கட்டிக்கோ. யாருக்கும் தெரியப் போறதில்ல."

"எனக்குத் தெரியுமே சார்" என்றாள்.

"மேல் மாடி உனக்குத்தான்னு சொல்லி வச்சிருக்கேன். அத நெனச்சுப் பாரு."

"அதத்தான் சார் ராப்பகலா நெனச்சிக்கிட்டு இருக்கேன்."

அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. வருத்தப்பட்டுக்கொண்டே அவளைக் குடோனுக்கு அனுப்பினார். கடைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட குடோன். பண்டலும் பூச்சி உருண்டை நாற்றமும் ஒரு ஃபேனும். "அங்க கஸ்டமர் யாரும் வர மாட்டாங்க. நீ எப்புடி வேணா இருந்துக்கலாம். சம்பளமும் கொறையாது" என்றார், ஏதோ சலுகை செய்கிற மாதிரி. யாரும் பார்க்காத இடத்தில் அவள் அவளாக இருந்துகொள்ளலாமாம். மேல் மாடி ஆள் இல்லாமலே திறந்தது. மேனேஜரே அங்கேயும் இங்கேயும் ஓடினார்.

அடுத்தது என் முறை. ஒரு நாள் காலை அட்டையைக் கொண்டுவந்து என் கவுன்ட்டரில் வைத்தார்.

"நீயும் ஒண்ணு வச்சிக்கோம்மா."

"நான் எதுக்கு சார்? எங்கிட்ட எந்த அடையாளமும் இல்லியே."

"அதாம்மா பிரச்சன. ஒண்ணும் வைக்காம இருந்தா நீ கிறிஸ்டியன்னு தெரிஞ்சிடுது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இல்லாத ஒன்றைக் கழற்ற முடியாது என்று நினைத்திருந்தேன். இல்லாததையே குற்றமாக்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"பொட்டு வச்சா மட்டும் என்ன தெரியும் சார்?"

"ஒண்ணும் தெரியாது. சாதாரணமா இருக்கும்."

சாதாரணமா. அந்த வார்த்தையை அவர் எவ்வளவு இயல்பாகச் சொன்னார் தெரியுமா? அவருடைய வீட்டுப் பெண்களின் முகம் சாதாரணம். என்னுடையது ஒரு அறிவிப்பு. முன்பு என்னைப் பட்டுப் பிரிவிலிருந்து விலக்கியதற்கு மங்களம் என்று பெயர். இப்போது அதே விஷயத்துக்கு நடுநிலை என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். சரக்கு ஒன்றுதான், ஸ்டிக்கர்தான் வேறு.

அந்த மாதம் சிப்காட்டில் ஷிஃப்டைக் குறைத்திருந்தார்கள். வீட்டுக்காரர் பாதி நாள் வீட்டில் இருந்தார். மகளுக்குக் காலேஜ். வேலையை விட்டுவிடும் நிலையில் நான் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒட்டினேன். மாலையில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலையாகப் பிய்த்து முன் சீட்டுக் கம்பியில் ஒட்டிவிடுவேன். அந்தப் பசை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நெற்றியில் வட்டமாக ஒரு தடிப்பு வந்து அரித்தது. ஞாயிற்றுக்கிழமை சபையில் ஒரு அம்மா, "நெத்தியில என்னா சிஸ்டர்?" என்று கேட்டார். "கம்பெனி முத்திரை" என்றேன். ஜெபத்தில் அன்றைக்கு எனக்கு மனசே நிற்கவில்லை. ஆண்டவரிடம் சாந்தம் கேட்க வேண்டியவள், கோபம் குறையாமல் இருக்கட்டும் என்று கேட்டுவிட்டு வந்தேன்.

நோன்பு மாதம் வந்தது. பரங்கிப்பேட்டை, கிள்ளை, லால்பேட்டைப் பக்கமிருந்து பெருநாளுக்குத் துணி எடுக்க ஜனம் வரும். முதலாளியின் மகனுக்குப் புதிதாக ஒரு யோசனை தோன்றியது. வாசல் கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மைக்குப் பெருநாள் உடை போட்டு, ஸ்கார்ஃப் கட்டி நிறுத்த வேண்டும். "அவங்க பாத்ததும் நம்ம கடைன்னு ஃபீல் பண்ணணும்" என்றாராம்.

யாருக்கும் ஸ்கார்ஃப் கட்டத் தெரியவில்லை. இரண்டு பெண்கள் முயற்சி செய்து, பல்வலிக்குத் துணி கட்டிய மாதிரி ஆக்கி வைத்தார்கள். கடைசியில் மேனேஜர் குடோனுக்கு ஆள் அனுப்பினார்.

அவள் வந்தாள். நோன்பு வாய், உதடு வறண்டிருந்தது. குடோன் வெக்கையில் முகம் கறுத்திருந்தது. கடைக்குள் அவள் கால் வைத்து வெகு நாளாகியிருந்தது. பொம்மையைப் பார்த்தாள், மேனேஜரைப் பார்த்தாள். தன் ஸ்கார்ஃபில் உபரியாகக் குத்தியிருந்த பின்களை எடுத்து, மடிப்பு மடிப்பாக அந்த பிளாஸ்டிக் தலைக்குக் கட்டினாள். அவ்வளவு அழகாகக் கட்டியிருக்க வேண்டியதில்லை.

முடித்துவிட்டுப் பொம்மையின் நெற்றிக்கு நகத்தைக் கொண்டுபோனாள். எங்கள் கடையில் எல்லாப் பொம்மைக்கும் பொட்டு உண்டு, அதே அட்டையிலிருந்து. புடவை மாற்றுவோம், விக் மாற்றுவோம். பொட்டு அப்படியே இருக்கும்.

"என்ன பண்ற?" என்றார் மேனேஜர்.

"பொட்டு இருக்கு சார்."

"எங்க?"

நடிக்கவில்லை அவர். கழுத்தை நீட்டி, பொம்மையின் முகத்தை நேராகப் பார்த்துத்தான் கேட்டார். அவள் விரலால் தொட்டுக் காட்டினாள்.

"ஓ, அதுவா. அத விடு, நோண்டினா பெயின்ட்டு உரிஞ்சிடும். எவன் அதப் பாக்கப் போறான்?"

அப்படித்தான் அந்தப் பொம்மை ஸ்கார்ஃபும் கட்டி, பொட்டும் வைத்து, பெருநாள் வாழ்த்துப் பலகையோடு சிதம்பரம் கடைத்தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றது. வந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. பரங்கிப்பேட்டைப் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்து, செல்போனில் படம் எடுத்தார்கள். கூட்டத்தைப் பார்த்து மேனேஜர் பூரித்துப் போனார்.

இரண்டு நாள் கழித்து ஒரு கல்யாணப் பார்ட்டி வந்தது. பரங்கிப்பேட்டைக்காரர்கள்தான், பெண்ணும் உம்மாவும் மாமிமார்களும். மேல் மாடிக்குக் கூட்டமாக ஏறியவர்கள் சுற்றிப் பார்த்தார்கள். அன்றைக்கு என்னையும் மேல் மாடி பில்லுக்குப் போட்டிருந்தார்கள். மேனேஜரே புடவைகளை அள்ளிப் போட்டார்.

பெண்ணின் தாயார் கையை உயர்த்தி நிறுத்தினார். "முன்ன இங்க ஸ்கார்ஃப் கட்டிக்கிட்டு ஒரு புள்ள இருந்துச்சே, அது எங்க? எங்க பெரியவ கல்யாணத்துக்கு அதுதான் எடுத்துக் குடுத்துச்சு."

"அவுங்க வேற செக்‌ஷன்ல இருக்காங்கம்மா. நான் காட்டறேன்."

"அது வரட்டும். நாங்க உக்காந்திருக்கோம்."

மேனேஜர் இறங்கி ஓடினார். திரும்பி வந்தபோது பின்னால் அவள். "இன்னிக்கு மட்டும் இப்புடியே இருந்துக்கோம்மா, பரவாயில்ல" என்று படியேறும்போதே சொல்லிக்கொண்டு வந்தார்.

திறந்த பிறகு அந்த மாடியை அவள் முதல் தடவையாக ஒரு சுற்றுப் பார்த்தாள். அவளுக்கென்று சொல்லியிருந்த மாடி. பிறகு முந்தானையைத் தோளில் போட்டுக் கண்ணாடி முன் நின்றாள். குரல் பழையபடி வந்தது. மதியம் வரை ஒவ்வொரு புடவையாகக் காட்டினாள். அந்தப் பெண்ணும் மாமிமார்களும் சிரித்துச் சிரித்து எடுத்தார்கள். என் பில் நீண்டுகொண்டே போனது. அவளும் சிரித்தாள். அவ்வளவு நாளில் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். இனி இவளைக் கீழே அனுப்ப யாருக்கும் மனசு வராது என்று நானும் பைத்தியக்காரி மாதிரி நம்பினேன்.

பார்ட்டி இறங்கிப் போனதும் மேனேஜர் கையைத் தேய்த்துக்கொண்டு வந்தார். "சூப்பர்மா. கலக்கிட்ட. சரி, ஓனர் பையன் வர்ற நேரம், நீ குடோனுக்குப் போயிடு."

"அந்தப் பொம்மையும் எங்கூட வருதா சார்?"

"எந்தப் பொம்மை?"

"வாசல்ல ஸ்கார்ஃப் கட்டிக்கிட்டு நிக்குதே."

அவர் சிரித்துவிட்டார். "அது பொம்மைம்மா."

"ஆமா சார். அதுக்கு மட்டும் ரிலிஜன் இருக்கலாம்."

ஐடி கார்டைக் கழற்றிக்கொண்டு கீழே இறங்கினாள். நானும் பின்னாலேயே போனேன். கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே கையை நீட்டி, கார்டைப் பொம்மையின் கழுத்தில் மாட்டினாள். "வர்றேங்கா" என்றாள் என்னிடம். ஊழியர்கள் போகிற பின் வாசலை விட்டுவிட்டு, கஸ்டமர் வாசல் வழியாக வெளியே போனாள். பட்டை போட்ட வாட்ச்மேன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

இப்போது அவள் புவனகிரியில் ஒரு சின்னக் கடையில் இருக்கிறாள், ஸ்கார்ஃபோடு. அங்கே மேல் மாடி கிடையாது. சம்பளமும் குறைச்சல். ஜெயித்துவிட்டாள் என்றெல்லாம் சொல்லி உங்களையும் என்னையும் ஏமாற்ற மாட்டேன். அவளுக்கென்று சொன்ன வேலையை அவளிடமிருந்து பிடுங்கினார்கள். அவ்வளவுதான் நடந்தது.

அவள் போன மறுநாள் காலை மேனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் பொம்மையின் கழுத்திலிருந்து எடுத்த கார்டு கிடந்தது.

"பெருநாள் ரஷ்ஷு. ஆள் இல்ல. மேல் மாடிய இனிமே நீ பாத்துக்கம்மா. நீ மொதல்லயே பட்டுதான கேட்ட? இப்ப உன்னப் பாத்தா சாதாரணமாத்தான் இருக்கு, ஒரு பிரச்சனையும் இல்ல."

நான் ஆசைப்பட்ட வேலை. வீட்டில் நிலைமை நான் சொன்னதுதான். அதையெல்லாம் மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன், எல்லாம் நினைவில்தான் இருந்தது. நெற்றியில் நகத்தை வைத்துப் பொட்டைப் பிய்த்தேன். தடிப்பு எரிந்தது. அவர் மேஜைக் கண்ணாடியின் நடுவில், அவள் கார்டுக்குப் பக்கத்தில், அழுத்தி ஒட்டினேன்.

"இது கம்பெனிப் பொருள் சார். வச்சிக்குங்க."

அவர் குனிந்து பார்த்தார். பொம்மையின் நெற்றியிலும் என் நெற்றியிலும் இத்தனை நாள் அவர் கண்ணில் படாத பொட்டு, அங்கே நன்றாகத் தெரிந்தது.